குதிரையின் குருதியும் என் வாப்பாவின் உயிரும்

(உயர்தர உயிரியற் பிரிவு மாணவி ஒருவர் எழுதியது)

சென்ற பெரும்போக அறுவடைக்கு முந்திய வாரம், ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின்னர், வயல் வரம்பில் புல் வெட்டிக்கொண்டிருந்த என் வாப்பாவைப் பாம்பு கடித்தது. கண்ணாடி விரியன். எங்கள் பக்கத்தில் புடையன் என்றுதான் சொல்வோம். பக்கத்து வயற்காரர் ஒருவர் காலை இறுக்கிக் கட்டி, விஷக்கல் வைப்பவரிடம் கொண்டுபோகச் சொன்னார். சாச்சா ஒத்துக்கொள்ளவில்லை. "நேரா ஆஸ்பத்திரிக்குத்தான்" என்று சொல்லி முச்சக்கர வண்டியில் ஏற்றிவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காகச் சாச்சாவுக்கு எங்கள் வீடு என்றும் கடமைப்பட்டிருக்கிறது.

நானும் உம்மாவும் போய்ச் சேர்ந்தபோது வைத்தியர் வாப்பாவின் கையிலிருந்து சிறிது குருதியை எடுத்து, எந்த மருந்தும் சேராத சுத்தமான கண்ணாடிக் குழாய் ஒன்றில் விட்டிருந்தார். அதை அசைக்காமல் மேசையில் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டார். "இருபது நிமிஷம் பொறுங்க" என்றார். உம்மா தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டிருந்தார். நான் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபது நிமிடம் முடிந்ததும் வைத்தியர் குழாயைச் சரித்தார். உறைந்து நிற்க வேண்டிய குருதி தண்ணீர்போல ஓடியது. உடனே தாதியர் சிறுசிறு குப்பிகளை வரிசையாக எடுத்து வைத்தார்கள். எல்லாவற்றிலும் வெள்ளைத் தூள். தோலுக்குக் கீழே சிறிதளவு அதிரினலின் ஊசி போட்டுவிட்டு, அந்தத் தூளைக் கரைத்துச் சேலைனுடன் ஏற்றினார்கள். இருபது குப்பிகள். நடுவில் வாப்பாவுக்கு உடல் நடுங்கியது, தோல் தடித்துச் சொறிந்தது. மருந்தை நிறுத்தி, ஊசி போட்டு, மீண்டும் தொடங்கினார்கள். ஏன் இப்படி என்று உம்மா அழுதுகொண்டே கேட்டபோது ஒரு தாதி சொன்னார்: "இது குதிரைட இரத்தத்தில இருந்து எடுக்கிற மருந்து உம்மா. மனுச உடம்பு அத அந்நியமாத்தான் பார்க்கும். பயப்படாதீங்க, நாங்க பார்த்துக்கொண்டுதான் இருக்கிறம்."

மறுநாள் காலை மீண்டும் அதே சோதனை. குழாயைச் சரித்தார்கள். குருதி அசையவில்லை. அல்ஹம்துலில்லாஹ், வாப்பா வீடு திரும்பினார்.

ஆனால் எனக்குள் ஒரு கேள்வி தங்கிவிட்டது. அந்தக் குதிரை எப்படிப்பட்டது? அது நலமாக இருந்தது என்பதை யார், எதைக் கொண்டு அறிந்தார்கள்? உயிரியல் டீச்சரிடம் கேட்டேன். மிருக வைத்திய ஆய்வுகூடப் புத்தகம் ஒன்றை இரவல் எடுத்துத் தந்து, "படிச்சிட்டு மற்றப் பிள்ளைகளுக்கும் விளங்கப்படுத்து" என்றார். இந்தக் கட்டுரை அந்தக் கடனைத் தீர்க்கும் முயற்சி.

குருதியைத் தனித்தனியாகப் பிரித்தல்

குதிரையின் கழுத்தில் தடித்த நாளம் ஒன்று உண்டு. அதிலிருந்துதான் பெரும்பாலும் சோதனைக்குக் குருதி எடுப்பார்கள். எடுத்த குருதியை உறையவிடாத பதார்த்தம் இட்ட குழாயில் ஊற்றி வைத்தால் செங்குழியங்கள் அடியில் படியும். மேலே நிற்கும் தெளிந்த பகுதி திரவவிழையம். உறையவிட்டு, கட்டியை நீக்கி எடுத்தால் கிடைப்பது நீர்ப்பாயம். இரண்டுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு ஒரு புரதம்: பைபிரினோஜன். உறையும்போது அது நார்களாக மாறிக் கட்டியோடு போய்விடுவதால் நீர்ப்பாயத்தில் இராது.

வாப்பாவின் குழாயில் நான் பார்த்தது இதைத்தான் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. விரியனின் விஷத்திலுள்ள நொதியங்கள் குருதியுறைதலை ஓயாமல் தூண்டிவிடுகின்றன. அதனால் உடலிலுள்ள பைபிரினோஜன் செலவழிந்து தீர்ந்துவிடுகிறது. பிறகு குழாயில் உறைவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. அந்த இருபது நிமிடச் சோதனை, மின்சாரமோ இயந்திரமோ இல்லாமல் ஒரு புரதம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கும் சோதனை.

குதிரையின் குருதியில் இரண்டு புதுமைகளைப் படித்தேன். ஒன்று, அதன் செங்குழியங்கள் நாணயங்களை அடுக்கியதுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு மிக விரைவாகப் படிந்துவிடும். மையநீக்கியில் சுழற்றாமல் சும்மா நிறுத்தி வைத்தாலே சிறிது நேரத்தில் திரவவிழையம் மேலே பிரிந்து நிற்கும். மற்றது, அந்தத் திரவவிழையம் இயல்பாகவே நல்ல மஞ்சள் நிறம். மனிதனின் குருதியில் அப்படி ஒரு மஞ்சளைக் கண்டால் செங்கமாரியோ என்று சந்தேகிப்போம். குதிரைக்கு அது சுகமான நிறம். ஒன்றின் சுகத்தை வைத்து மற்றொன்றின் நோயைத் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதுவே முதற் பாடம்.

எவ்வளவு புரதம்?

அடுத்த கேள்வி, மொத்தம் எவ்வளவு புரதம் இருக்கிறது என்பது. இதற்கு இரண்டு வழிகள் வழக்கத்தில் உண்டு.

முதலாவது, முறிவுமானி. கையில் பிடிக்கக்கூடிய சிறிய குழல் போன்ற கருவி. ஒரு துளி திரவவிழையத்தை அதன் கண்ணாடியில் இட்டு, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். திரவத்தில் புரதம் கூடக்கூட ஒளி முறிவதும் கூடும். உள்ளே தெரியும் நிழற்கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் அளவு. லாயத்திலேயே நின்று ஒரு நிமிடத்துக்குள் செய்துவிடலாம். ஆனால் திரவவிழையத்தில் கொழுப்பு மிகுந்திருந்தாலோ செங்குழியங்கள் உடைந்து கலந்திருந்தாலோ கணக்குப் பிழைக்கும்.

இரண்டாவது வழி நமக்குப் பழக்கமானது. சாதாரண தரத்தில் முட்டை வெண்கருவோடு சோடியம் ஐதரொட்சைட்டையும் செப்புச் சல்பேற்றையும் சேர்த்து ஊதா நிறம் வரவழைத்தோமே, அதே பையூரெற்றுச் சோதனை. செப்பு அயன் புரதத்தின் பெப்தைட்டுப் பிணைப்புகளோடு சேர்வதால் அந்த நிறம் உண்டாகிறது. பிணைப்புகள் எவ்வளவு அதிகமோ நிறம் அவ்வளவு கடுமை. வகுப்பில் நாங்கள் "நிறம் வந்தது, புரதம் உண்டு" என்று எழுதி முடித்துவிட்டோம். ஆய்வுகூடத்தில் அந்த ஊதாக் கரைசலினூடாக 540 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியைச் செலுத்தி, எவ்வளவு ஒளி உறிஞ்சப்பட்டது என்று அளந்து, அதிலிருந்து புரதத்தின் செறிவைக் கணிக்கிறார்கள். சோதனை ஒன்றுதான். "உண்டா?" என்ற கேள்வி "எவ்வளவு?" என்று மாறியிருக்கிறது.

வளர்ந்த, சுகமான குதிரையின் நீர்ப்பாயத்தில் லீற்றருக்கு ஏறத்தாழ 55 முதல் 75 கிராம் புரதம் இருக்கும். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் இந்த எல்லை சற்று மாறும்.

எந்தப் புரதம்?

மொத்தத்தை மட்டும் அறிந்தால் போதாது. ஒரு வகுப்பின் மொத்தப் புள்ளியைப் பார்த்து யார் சித்தியடைந்தார் என்று சொல்ல முடியுமா? அதுபோலத்தான் இதுவும்.

நீர்ப்பாயப் புரதங்களில் பெரும் பங்கு அல்புமினுக்கு. ஈரல் அதை ஆக்குகிறது. குருதிக்குழாய்க்குள் நீரைப் பிடித்து வைப்பது அதன் முக்கிய வேலை. அது குறைந்தால் நீர் இழையங்களுக்குள் கசிந்து வீக்கம் உண்டாகும். புரோமோகிரெசோல் பச்சை என்ற சாயம் அல்புமினோடு சேர்ந்து நிறம் மாறும் இயல்பைக் கொண்டு அதை அளக்கிறார்கள். மொத்தத்திலிருந்து அல்புமினைக் கழித்தால் மிஞ்சுவது குளோபியூலின்.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. ஒரு குதிரையின் மொத்தப் புரதம் லீற்றருக்கு 65 கிராம், அல்புமின் 32 கிராம் என்று கொள்வோம். குளோபியூலின் 65 – 32 = 33 கிராம். அல்புமினுக்கும் குளோபியூலினுக்கும் உள்ள விகிதம் 32 / 33, அதாவது ஏறத்தாழ 0.97. வெயிலில் ஓடி நீரிழந்த குதிரையில் இரண்டும் சேர்ந்து உயரும், ஆகவே விகிதம் அவ்வளவாக மாறாது. நீண்டநாள் தொற்று உள்ள குதிரையில் குளோபியூலின் உயர்ந்து அல்புமின் இறங்கும், விகிதமும் விழும். இரண்டு குதிரைகளுக்கும் மொத்தம் ஒரே எண்ணாக வரலாம். விகிதம்தான் எது நோய், எது தாகம் என்று பிரித்துக் காட்டும்.

பைபிரினோஜனை அளக்க ஓர் எளிய வழி உண்டு. திரவவிழையத்தை மெல்லிய கண்ணாடிக் குழாயில் எடுத்து 56 பாகை செல்சியஸில் மூன்று நிமிடம் வைத்தால் பைபிரினோஜன் மட்டும் வீழ்படிவாகிவிடும். சூடாக்குவதற்கு முன்னும் பின்னும் முறிவுமானியில் பார்க்க வேண்டும். முன்னர் 68, பின்னர் 65 என்றால் பைபிரினோஜன் லீற்றருக்கு 3 கிராம். சுகமான குதிரையில் இது ஏறத்தாழ 1 முதல் 4 கிராம் வரை இருக்கும். உடலில் எங்காவது அழற்சி இருந்தால் உயரும்.

குளோபியூலினையும் மேலும் பிரிக்க வேண்டுமானால் மின்புலத்தின் உதவி தேவை. பி.எச். 8.6 அளவுள்ள தாங்கற் கரைசலில் நீர்ப்பாயப் புரதங்கள் பெரும்பாலும் மறையேற்றம் பெற்றிருக்கும். அவற்றை அகரோசு ஜெல் தகட்டின் ஓர் ஓரத்தில் இட்டு மின்னைச் செலுத்தினால் நேர்மின்வாயை நோக்கி ஓடத் தொடங்கும். ஏற்றமும் பருமனும் வேறுபடுவதால் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. அல்புமின் முந்திவிடும். அதன் பின்னே அல்பா, பீட்டா, காமா குளோபியூலின்கள் வரிசையாக நிற்கும். பின்னர் சாயமிட்டால் தகட்டில் பட்டைகள் தெரியும். பட்டைகளின் கடுமையை வரைபாக்கினால் ஒரு மலைத்தொடர் போலிருக்கும்: முதலில் அல்புமின் என்ற கூர்மையான உயர்ந்த சிகரம், பிறகு சிறு குன்றுகள், கடைசியில் காமா என்ற அகன்ற மேடு. அந்த மேட்டில்தான் பிறபொருளெதிரிகள் பெரும்பாலும் இருக்கின்றன.

இந்த முறையை இன்றைய நிலைக்குக் கொண்டுவர வழிவகுத்தவர் சுவீடனின் உப்சாலாப் பல்கலைக்கழகத்து விஞ்ஞானி ஆர்னே திசேலியஸ். அவர் 1937இல் தமது கருவியைப் பற்றி எழுதியபோது நீர்ப்பாயக் குளோபியூலின்களை அல்பா, பீட்டா, காமா எனப் பிரித்துக் காட்டினார். அதற்கு அவர் பயன்படுத்தியது குதிரையின் நீர்ப்பாயம். 1948இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இன்று நம் ஊர் ஆய்வுகூட அறிக்கைகளில் "காமா குளோபியூலின்" என்று அச்சாகும் பெயருக்குப் பின்னாலும் ஒரு குதிரை நிற்கிறது.

குருதிக்கு வெளியே உள்ள பாய்பொருள்கள்

உடலில் குருதி மட்டுமே பாய்பொருள் அல்ல. மூட்டுகளுக்கு எண்ணெய் போல வழுவழுப்பைத் தரும் மூட்டுப் பாய்பொருள், வயிற்றறையில் குடலைச் சுற்றியிருக்கும் சுற்றுவிரிப் பாய்பொருள், மூளையையும் முண்ணாணையும் தாங்கும் மூளையமுண்ணாண் பாய்பொருள் என்பனவும் உண்டு. இவை பெருமளவில் குருதியிலிருந்தே பிறக்கின்றன. ஆனால் மயிர்த்துளைக் குழாய்களின் சுவர் வடிகட்டிபோல் நின்று நீரையும் சிறிய மூலக்கூறுகளையும் விட்டுப் பெரிய புரதங்களைத் தடுக்கிறது.

ஆகவே சுகமான குதிரையில் இவற்றின் புரத அளவு குருதியைவிட மிகக் குறைவு. மூட்டிலும் வயிற்றறையிலும் பொதுவாக லீற்றருக்கு 25 கிராமுக்குக் கீழே. மூட்டுப் பாய்பொருளில் பைபிரினோஜன் இல்லாததால் அது உறைவதும் இல்லை. மூளையமுண்ணாண் பாய்பொருளில் இன்னும் குறைவு, லீற்றருக்கு 1 கிராமைத் தாண்டுவதில்லை.

வடிகட்டி பழுதானால் புரதம் உள்ளே கசியும். குடல் முறுகிய குதிரையின் வயிற்றறைப் பாய்பொருளிலும், தொற்றுப் பிடித்த மூட்டிலும் புரதம் உயர்வது இதனால்தான். குதிரை வாய் திறந்து "இங்கே வலிக்கிறது" என்று சொல்லாது. அதற்காக அதன் பாய்பொருள்கள் பேசுகின்றன.

இங்கே ஒரு முக்கியமான விடயம். சுகமான மனிதனின் மூளையமுண்ணாண் பாய்பொருளில் லீற்றருக்கு ஏறத்தாழ 0.15 முதல் 0.45 கிராம் வரை புரதம் இருக்கும். சுகமான குதிரையில் இது 0.5 கிராமைத் தாண்டுவது சாதாரணம். மனிதனின் எல்லையைக் குதிரைக்குப் பயன்படுத்தினால் சுகமான குதிரைகள் பலவற்றை மூளை நோயாளிகள் என்று எழுதிவிடுவோம்.

குட்டியின் முதல் நாள்

இதில் என்னை மிகவும் தொட்டது குதிரைக் குட்டியின் கதை. மனிதக் குழந்தைக்குத் தாயின் பிறபொருளெதிரிகள் கருவிலிருக்கும்போதே சூல்வித்தகத்தினூடாகக் கிடைத்துவிடும். குதிரையின் சூல்வித்தகம் அவற்றைக் கடத்துவதில்லை. ஆகவே குட்டி பிறக்கும்போது அதன் குருதியில் பிறபொருளெதிரி அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். தாயின் முதற் பாலான கடும்புப்பாலில்தான் அவை செறிந்திருக்கின்றன. குட்டியின் குடல் அவற்றைச் சமிக்காமல் முழுதாக உறிஞ்சும் ஆற்றலை முதல் ஒரு நாளுக்கு மட்டுமே வைத்திருக்கும். பிறகு அந்தக் கதவு மூடிவிடும்.

அதனால் பிறந்து ஒரு நாளாகும்போது குட்டியின் குருதியில் ஐ.ஜி.ஜி. என்ற பிறபொருளெதிரியை அளக்கிறார்கள். லீற்றருக்கு 8 கிராமுக்கு மேலிருந்தால் நிம்மதி. 4 கிராமுக்குக் கீழிருந்தால் குட்டி ஆபத்தில் இருக்கிறது; சுகமான வேறொரு குதிரையின் திரவவிழையத்தை அதற்கு ஏற்ற வேண்டி வரலாம். முன்பின் அறியாத ஒரு குதிரையின் புரதத்தால் குட்டி உயிர் பிழைக்கிறது. இதைப் படித்தபோது வாப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தொங்கிய சேலைன் போத்தல் நினைவுக்கு வந்தது.

சுகமானவற்றை ஏன் அளக்க வேண்டும்?

"நோயுள்ள மிருகத்தைச் சோதிப்பது சரி, சுகமாக நிற்கும் குதிரையிடம் ஏன் குருதி எடுக்க வேண்டும்?" என்று என் தோழி கேட்டாள். நல்ல கேள்வி. உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவரின் குருதிப் பரிசோதனை அறிக்கை அலுமாரியில் இருக்கும். எடுத்துப் பாருங்கள். உங்கள் அளவுக்குப் பக்கத்தில் ஒரு நிரலில் இரண்டு எண்கள் இருக்கும், இதிலிருந்து இதுவரை என்று. அந்த இரண்டு எண்களும் வானத்திலிருந்து விழவில்லை. சுகமானவர்கள் பலரின் குருதியை அளந்து பெற்றவை அவை.

முறை இதுதான். சுகமானவை என்று கவனமாகத் தெரிந்தெடுத்த மிருகங்கள் பலவற்றில், குறைந்தது 120இல் அளப்பது நல்லது என்பது ஆய்வுகூடங்களின் வழிகாட்டல். கிடைத்த அளவுகளில் மிகத் தாழ்ந்த 2.5 வீதத்தையும் மிக உயர்ந்த 2.5 வீதத்தையும் ஒதுக்கிவிட்டால் நடுவில் உள்ள 95 வீதம் எந்த எல்லைக்குள் வருகிறதோ அதுவே சாதாரண எல்லை. அப்படியானால் சுகமான நூறு பேரில் ஐந்து பேர் எல்லைக்கு வெளியேதான் நிற்பார்கள். அறிக்கையில் ஓர் எண் சற்றுக் கூடியதும் பதறும் பெற்றோர்கள் இதை அறிந்திருப்பது நல்லது. ஓர் எண் தனியே நோயாகிவிடாது. மற்ற அறிகுறிகளோடு சேர்த்து வைத்தியர்தான் அதை வாசிக்க வேண்டும்.

குட்டிக்கும் கிழக் குதிரைக்கும், ஓய்விலிருக்கும் குதிரைக்கும் ஓடி வந்த குதிரைக்கும் அளவுகள் வேறுபடும். அதனால்தான் சுகமானவற்றை வயது, நிலை பார்த்துத் தனித்தனியாக அளந்து வைக்கிறார்கள். சுகத்தின் அளவு தெரியாதவருக்கு நோயின் அளவு தெரியாது.

ஜிம் என்ற குதிரை

இந்த அறிவு இல்லாமல் நேர்ந்த ஒரு துயரத்தையும் சொல்ல வேண்டும். 1890இல் ஜேர்மனியில் எமில் வொன் பெரிங்கும் ஜப்பானியரான கிட்டசாட்டோவும், நஞ்சைத் தாங்கப் பழகிய மிருகத்தின் நீர்ப்பாயம் இன்னொரு மிருகத்தையும் காக்கும் என்று காட்டினார்கள். சில வருடங்களில் குதிரையின் நீர்ப்பாயம் தொண்டைக்கரப்பானுக்கு மருந்தாகியது. பல்லாயிரம் குழந்தைகள் பிழைத்தார்கள்.

அமெரிக்காவின் சென். லூயிஸ் நகரில் ஜிம் என்றொரு குதிரை இருந்தது. முன்னர் பால் வண்டி இழுத்தது. மூன்று வருடங்களாக அதன் குருதியிலிருந்து மருந்து எடுத்தார்கள். 1901 ஒக்டோபரில் அதற்கு ஏற்புவலி கண்டது, கொன்றுவிட்டார்கள். ஆனால் நோய் வெளித்தெரியும் முன்னரே அதனிடம் எடுத்திருந்த குருதியின் நீர்ப்பாயம், முறையாகச் சோதிக்கப்படாமல் குப்பிகளில் அடைக்கப்பட்டு வெளியே போய்விட்டது. அதை ஏற்றிக்கொண்ட 13 குழந்தைகள் ஏற்புவலியால் இறந்தார்கள். மறு வருடம், 1902இல், இப்படிப்பட்ட மருந்துகளைக் கட்டுப்படுத்த அமெரிக்கா சட்டம் இயற்றியது.

மொத்தப் புரதத்தை அளந்திருந்தால் அந்த நஞ்சு தெரிந்திருக்காது. அதற்குத் தனிச் சோதனை வேண்டும். ஆனாலும் பாடம் ஒன்றே. எடுத்த அன்று ஜிம் சுகமாகத்தான் தோன்றியது. சுகமாகத் தோன்றுவதை நம்பினார்கள், சோதித்துப் பார்க்கவில்லை.

குப்பிக்குள் வந்த குதிரை

நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் போடப்படும் விஷ எதிர்மருந்து இந்தியாவிலிருந்து வருகிறது. நாகம், எட்டடி விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் மிகச் சிறிய அளவில் தொடங்கி, படிப்படியாகக் கூட்டிக் குதிரைக்கு ஏற்றுகிறார்கள். குதிரையின் உடல் அவற்றுக்கெதிரான பிறபொருளெதிரிகளை ஆக்குகிறது. போதியளவு உண்டானதும் குருதி எடுத்துத் திரவவிழையத்தைப் பிரிக்கிறார்கள். பெப்சின் என்ற, நம் இரைப்பையிலும் உள்ள அதே நொதியத்தால் பிறபொருளெதிரியை வெட்டி, விஷத்தைப் பற்றும் பகுதியை மட்டும் எடுத்துத் தூய்மையாக்குகிறார்கள். உறையவைத்து உலர்த்தினால் வெள்ளைத் தூள்.

எவ்வளவு தூய்மையாக்கினாலும் அது குதிரையின் புரதம். வாப்பாவின் உடல் நடுங்கியது அதனால்தான். அந்தப் புரதம் செய்தது விஷத்தைக் கட்டிப்போட்டதுதான். தீர்ந்துபோன பைபிரினோஜனை மீண்டும் ஆக்கியது வாப்பாவின் ஈரல். அதற்குத் தேவையான அவகாசத்தைக் குதிரை வாங்கிக்கொடுத்தது.

என் முதற் கேள்விக்கும் இங்கேதான் பதில் கிடைத்தது. மருந்துக்காகக் குருதி கொடுக்கும் குதிரைகளின் குருதிச் செறிவையும் திரவவிழையப் புரதத்தையும் அடிக்கடி அளக்க வேண்டும். அளவு இறங்கினால் அந்தக் குதிரைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். எப்போது நிறுத்துவது என்று சொல்வதும் அந்தச் சுகமான குதிரைகளின் எல்லைதான். வாயில்லாப் பிராணியிடமிருந்து எடுக்கிறோம் என்றால் எவ்வளவு எடுக்கலாம் என்று அறிந்து எடுப்பது நம் கடமை.

பெற்றோர்களுக்கும் தோழியருக்கும் இங்கே ஒரு வேண்டுகோள். பாம்பு கடித்தால் கடிவாயைக் கீற வேண்டாம், உறிஞ்ச வேண்டாம், இறுக்கிக் கட்ட வேண்டாம். மோதிரம், காப்பு, கொலுசு இருந்தால் கழற்றிவிடுங்கள். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் வைத்து, ஒரு நிமிடமும் வீணாக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மருந்து அங்கேதான் இருக்கிறது.

உயர்தரம் முடிந்ததும் பேராதனையில் மிருக வைத்தியம் படிக்க விரும்புகிறேன் என்று சொன்னபோது எங்கள் வீட்டில் பலருக்குப் பிடிக்கவில்லை. "பொம்பளப் புள்ள ஆடு மாட்டப் பார்த்துக்கொண்டு திரியிறதா? டொக்டருக்குப் படிக்கிற புள்ளதானே!" என்று மாமி சொன்னார். நான் பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். திண்ணையில் இருந்து காலில் முழங்கால்வரை நீண்ட புதிய சப்பாத்தைப் போட்டுக்கொண்டிருந்த வாப்பா தலையை நிமிர்த்தாமலே சொன்னார்:

"என்ட உசிரக் காப்பாத்தினது டொக்டரும் குதிரையும் சேர்ந்துதான். டொக்டருக்குப் படிக்க ஆக்கள் இருக்கிறாங்க. குதிரையப் பார்க்கவும் ஒராள் வேணும்தானே. மகள் படிக்கட்டும்."

பிறகு டோர்ச்சை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். நான் புத்தகத்தைத் திறந்தேன்.